ஏறவும் இறங்கவும் ஒரே கயிறு

இடையஞ்சாவடியில், மரம் ஏறிக் கிளை வெட்டும் குழுவின் ஷெட்டில் சேட்டு ஒரு பெட்டியைக் கவிழ்த்தான். கொக்கியும் நாடாவும் அலுமினியச் சாமான்களுமாகத் தரையில் கொட்டின. குழுவில் சில காலம் இருந்துவிட்டுத் தன் நாட்டுக்குத் திரும்பிய பிரெஞ்சுக்காரர் ஒருவர் விட்டுப்போனவை அவை.

"எது வேணுமோ எடுத்துக்கக்கா. இனிமே நீயும் ஏறப்போற இல்ல?"

ஜான்சி குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். மரக்காணத்துக்காரி. கல்யாணம் வரைக்கும் உப்பளத்தில் உப்பு வாரியவள். இடையஞ்சாவடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு குழுவில் சேர்ந்து, சேட்டு மரத்தில் ஏற, இவள் கீழே நின்று கயிறு பிடித்தாள். அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். பொங்கல் கழிந்ததும் தானும் ஏறுவதாகச் சொல்லிவிட்டாள்.

குழுவில் எல்லாரும் ஒற்றைக் கயிற்றில்தான் ஏறுவார்கள். உயரமான கவையின் மேல் கயிற்றைப் போட்டு, ஒரு முனையை அடிமரத்தில் கட்டிவிட்டு, தொங்குகிற மறுபக்கத்தில் ஏறிப்போக வேண்டும். அதற்குக் கயிற்றைக் கவ்வுகிற சாமான் இரண்டு வேண்டும். ஒன்று கையில். அதை மேலே தள்ளினால் நகரும், கீழே இழுத்தால் பல் பதிந்து நின்றுவிடும். அதில் தொங்கும் நாடா வளையத்தில் கால் வைத்து எழுந்து நிற்கலாம். இன்னொன்று உடம்போடு இருப்பது. எழுந்த உயரத்திலேயே ஆளைத் தாங்கிப் பிடிக்கும்.

கைக்கவ்வியில் யோசிக்க ஒன்றுமில்லை. பெட்டியில் இருந்தது இடக்கைக்கானது. "அது பீச்சாங்கை சாமான். எனக்குப் பிடிக்கவே வராது" என்று சேட்டு ஒதுக்கிப் போட்டதை ஜான்சி எடுத்துப் பிடித்துப் பார்த்தாள். அவள் இடக்கைக்காரி. கச்சிதமாகப் பொருந்தியது.

உடம்புக்கு எது என்பதில்தான் இழுபறி. சேட்டு வைத்திருப்பது போன்ற சின்ன நெஞ்சுக்கவ்வி ஒன்று இருந்தது. கைப்பிடி வைத்த கனமான பிரேக் ஒன்றும் இருந்தது.

ஷெட்டுக்கு எதிரே இருந்த தூங்குமூஞ்சி மரத்தில் முதலில் நெஞ்சுக்கவ்வியைப் போட்டு ஏறினாள். எழுந்து நிற்க, உட்கார, மறுபடி நிற்க. ஜம்மென்று போனது. இவ்வளவுதானா என்று சிரித்தாள்.

"சரி, இறங்குக்கா."

அங்கேதான் சிக்கல். நெஞ்சுக்கவ்வி மேலே மட்டும் போகும். இறங்குவதற்கு வேறொரு சாமானைக் கயிற்றில் மாட்டிப் பூட்டி, வளையத்தில் எழுந்து நின்று, கவ்வியைக் கழற்ற வேண்டும். சேட்டு கீழேயிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, தடவித் தடவிச் செய்து முடித்துத் தரைக்கு வருவதற்குள் அவள் ரவிக்கை வேர்வையில் ஒட்டிக்கொண்டது.

அடுத்து பிரேக். ஒவ்வொரு தடவை எழுந்தபோதும் தளர்ந்த கயிற்றை அதன் வழியே கையால் இழுத்துவிட வேண்டியிருந்தது. உட்கார்ந்தால் ஏறினதில் கொஞ்சம் திரும்ப இறங்கிப் போனது. ஆனால் கைப்பிடியை அழுத்தினால் கயிறு வழுக்கிக்கொண்டு ஓடியது. விட்டால் நின்றது.

"நத்தை மாதிரி போறக்கா. ஒரு மரம் முடிக்கவே மத்தியானம் ஆயிடும்."

"ஆவட்டும்பா. எப்படி இறங்கறதுன்னு யோசிச்சிகினு தொங்க என்னால முடியாது."

பிரேக்கையே எடுத்துக்கொண்டாள்.

முதல் வேலை பிரம்மதேசத்தில் வந்தது. கார்த்திகை மழையில் லட்சுமியம்மாள் வீட்டு இலுப்பை மரத்தில் பெரிய கிளை ஒன்று முறிந்து, மாட்டுக்கொட்டகைக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. கீழே மாடு கட்டப் பயந்து அந்தம்மா மாடுகளை வாசலிலேயே கட்டிவைத்திருந்தாள்.

ஜான்சி ஏறினாள். பாதி மரம் போனபோது கயிறு சுழன்று, அவள் கால் அடிமரத்தில் இடித்தது. அங்கே பொந்து ஒன்று இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. உள்ளேயிருந்து தேனீக்கள் கிளம்பின.

"இறங்குக்கா! இறங்கு!"

கைப்பிடியை அழுத்தினாள். சர்ரென்று இறங்கி, சட்டென்று நின்றுபோனாள். மறுபடி அழுத்தினாள். நகரவில்லை. கழுத்தில் ஒன்று கொட்டியது. அண்ணாந்து பார்த்தாள். கைக்கவ்வி கயிற்றைக் கவ்வியபடி மேலேயே இருந்தது. அதிலிருந்து இடுப்புக்கு வரும் பாதுகாப்புக் கயிறு விறைத்து அவளைப் பிடித்து வைத்திருந்தது. அதைக் கழற்றாமலே பிரேக்கை அழுத்தியிருக்கிறாள்.

இமையில் ஒன்று கொட்டியது. கண்ணை மூடிக்கொண்டு ஏசுவே என்றாள். வளையத்தில் காலை ஊன்றி எழுந்தாள். தளர்ந்த கயிற்றைப் பிரேக்கில் இழுத்து, அதில் உட்கார்ந்தாள். கைக்கவ்வியை விரலால் தடவித் திறந்தாள். கைப்பிடியை அழுத்தினாள். இந்தத் தடவை தரைதான் வந்து காலில் பட்டது. கயிற்றைக் கழற்றிவிட்டு ஓடி வந்தவளை லட்சுமியம்மாள் ஈரக்கோணியால் போர்த்தி வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

கொடுக்கைப் பிடுங்கிச் சுண்ணாம்பு தடவியபடி அந்தம்மா திட்டினாள். "பொம்பளைக்கு எதுக்குடி மரம் ஏறுற வேலை? கண்ணு பாரு, பணியாரமாட்டம் உப்பிகினு இருக்குது."

சேட்டு பயந்துபோயிருந்தான். "நல்லவேளை பிரேக்கை எடுத்தக்கா. நெஞ்சுக்கவ்வின்னா இன்னும் தொங்கிட்டுதான் இருந்திருப்ப."

"இதுலயுந்தான் மாட்டிக்கினேன். மொதல்ல கைக்கவ்விய கழட்டணும், அப்புறந்தான் பிரேக்கு. அவசரத்துல மறந்துட்டேன்."

சாயங்காலம் ஊருக்குத் திரும்பியதும் தூங்குமூஞ்சி மரத்தில் ஆள் உயரத்துக்கு ஏறி, ஒற்றைக் கண்ணோடு, கழற்று, அழுத்து, கழற்று, அழுத்து என்று பழகினாள். கை தானாகப் போகிறவரை விடவில்லை.

மறுநாள் பனி விலகுமுன்பே போய், பொந்துக்கு எதிர்ப்பக்கக் கவையில் கயிற்றைப் போட்டார்கள். குளிரில் தேனீக்கள் அசையவில்லை. நத்தை வேகத்தில்தான் ஏறினாள். முறிந்த கிளையை வேறொரு கயிற்றில் கட்டி, ரம்பத்தால் துண்டு துண்டாக அறுத்து விட, சேட்டு கீழேயிருந்து பதமாக இறக்கினான். கொட்டகையில் ஒரு கீற்று கூடச் சரியவில்லை. வேலை முடிந்த பிறகும் உடனே இறங்க மனசு வரவில்லை அவளுக்கு. கிழக்கே கழுவேலி ஏரித் தண்ணீர் வெயிலில் தகதகத்தது. ஆடிக்கொண்டே கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கழற்றி, அழுத்தி, பூப்போல வந்து இறங்கினாள்.

இட்லி கொண்டுவந்த லட்சுமியம்மாள் போகாமல் நின்றாள். ஜான்சியின் இடுப்புப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என் கனத்தத் தாங்குமா?"

"மாட்டையே தாங்கும்மா."

அந்தம்மா புடவையை வாரிக் கச்சமாகச் செருகிக்கொண்டாள். ஜான்சி பட்டைகளை இறுக்கி, கொக்கிகளை இரண்டு தரம் சரிபார்த்து, பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொடுத்தாள். நில்லும்மா. இழு. உட்காரு. திரும்ப நில்லு. வீட்டுக்காரர் மாயவன் வாசலிலிருந்து, "ஏய், வயசான காலத்துல என்னா கூத்து இது?" என்று கத்தினார். லட்சுமியம்மாள் காதில் வாங்கவில்லை. பொந்துக்கு வெகு கீழே, கொட்டகைக் கூரை உயரம் போனதும் நின்றாள்.

"போதுமாம்மா? இறங்குறீங்களா?"

"இருடி." அவள் கழுத்தை நீட்டிக் கூரையின் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தாள். "யோவ்! கூரை மேல எலைக்கு அடியில அஞ்சாறு பூசணிக்கா காய்ச்சிக் கெடக்குதுய்யா! ஒருத்தரும் பார்க்கல!"