கடைசி நான்கு ஜோடி

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு டாக்டரின் மேசைமேல் கிடைத்தது.

முதுகுவலி என்று போயிருந்தேன். (உட்கார்ந்து எழுதினால் முதுகு வலிக்கும் என்பார்கள். எழுதாமல் உட்கார்ந்திருந்தால் இன்னும் அதிகம் வலிக்கும். இதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை.) அவர் போன் வந்து வெளியே போய்விட்டார். மேசைமேல் ஒரு முதுகெலும்புப் பொம்மை நின்றது. எலும்புகளுக்கு நடுவிலிருந்து வலமும் இடமுமாக வண்ணக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவைதான் தண்டுவட நரம்புகளாம். அடியில் ஒட்டிய சீட்டில் 'நரம்புகள்: 31 ஜோடி' என்று அச்சிட்டிருந்தது. சும்மா இருக்கிறவன் என்ன செய்வான்? எண்ணினேன்.

இருபத்தேழு.

மறுபடியும் எண்ணினேன். கழுத்தில் எட்டு, மார்பில் பன்னிரண்டு, இடுப்பில் ஐந்து, எல்லாம் சரி. அதற்கும் கீழே ஆறு இருக்க வேண்டும், இரண்டுதான் இருந்தன. டாக்டர் திரும்பி வந்ததும் கேட்டேன்.

"பத்துப் பன்னிரண்டு வருஷமா இதே மேசையில இருக்கு. இதுவரைக்கும் ஒருத்தரும் எண்ணினதில்ல," என்றார். "உங்களுக்கு எங்க வலிக்குது, அதைச் சொல்லுங்க."

வலி எங்கேயோ போய்விட்டிருந்தது. அந்த நான்கு ஜோடியை எடுத்தது யார் என்ற ஒரே யோசனைதான். இனி வருவது முழுக்கக் கற்பனை. பொம்மை மட்டும் நிஜம். (அதையும் நீங்கள் நம்பத்தான் வேண்டும். வேறு வழியில்லை.)

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

'மருத்துவக் கல்லூரியின் நீண்ட வராந்தாவில் பேராசிரியை வேகமாக நடந்து வந்தாள். அவளுடைய கண்களில்'

விட்டுவிட்டேன். அவளுடைய கண்களில் என்ன இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. அதோடு, பேராசிரியைக்கு எல்லாம் தெரிந்திருக்கும். எல்லாம் தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு கதை நடத்துவது பெரிய தொல்லை.

இரண்டாம் தொடக்கம்:

'தண்டுவடம் என்பது சுண்டுவிரல் பருமனும் ஒன்றரை அடி நீளமும் உள்ள'

இதைப் படித்துக் காட்டினேன். வீட்டில் கொட்டாவி விட்டார்கள்.

ஆகவே பேராசிரியையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பொம்மை செய்கிற இடத்துக்கே போனேன். தகரக் கூரை போட்ட பெரிய அறை. பசை வாசனை, தின்னர் வாசனை. நீண்ட மேசையில் வரிசையாக முதுகெலும்புகள், தலையில்லாமல். கடைசி நாற்காலியில் ஒருத்தி குனிந்து கம்பி ஒட்டிக்கொண்டிருந்தாள். நரம்பு ஒட்டுவது அவள் வேலை என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் அவளை நரம்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேறு பெயர் இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர எங்கும் அதைக் காண முடியாது.

அவளைக் கண்டதும் எனக்குப் பிடித்துப்போனது. கதை இனி அவளோடுதான்.

3

நரம்பக்காவுக்குப் பதினாறு வருஷ அனுபவம். ஒவ்வொரு நரம்புக்கும் இரண்டு வேர். முதுகுப் பக்கம் இருப்பது நீலம், வயிற்றுப் பக்கம் இருப்பது சிவப்பு. நீலத்தின் வழியே சேதி உள்ளே போகும்: சுடுகிறது, குத்துகிறது, அரிக்கிறது. சிவப்பின் வழியே உத்தரவு வெளியே வரும்: கையை எடு, காலைத் தூக்கு. இரண்டும் வெளியே வந்ததும் ஒரே கம்பியாகச் சேர்ந்துவிடும்.

"நம்ம வீடு மாதிரிதான்," என்பாள் பக்கத்து நாற்காலிக்காரியிடம். "குறை சொல்றது ஒரு பக்கம், அதிகாரம் பண்றது இன்னொரு பக்கம். வெளிய போகும்போது மட்டும் சேர்ந்து போவோம்."

தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரைக்கும் போகாது என்பதும் அவளுக்குத் தெரியும். இடுப்பு எலும்பு தொடங்கும் இடத்திலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புகள் மட்டும் கொத்தாகத் தொங்கும். குதிரைவால் என்று பெயர். அந்தக் கொத்தின் கடைசிக் கம்பிகள் மயிரிழை போல இருந்தன. பெட்டியில் அடைத்து அனுப்பினால் போய்ச் சேர்வதற்குள் ஒடிந்தன. முதலாளி ஒரு நாள் வந்து பார்த்தார்.

"கடைசி நாலு ஜோடிய விட்டுடுங்கம்மா. யாரு எண்ணப் போறா?"

நரம்பக்கா சேர்வதற்கு முன்பே எடுத்த முடிவு அது. '31 ஜோடி' சீட்டு ஒட்டுவதும் வேறு அறையில். ஆகவே அவள் அறிந்த உடம்பில் நரம்புகள் இருபத்தேழு ஜோடி.

(பார்த்தீர்களா, மர்மத்தை உடைத்துவிட்டேன். கெட்டிக்கார எழுத்தாளன் இதைக் கடைசிவரை பொத்திவைத்திருப்பான். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.)

4

இப்போது அவளுடைய கணவர். டெய்லர். பள்ளிச் சீருடை தைப்பவர். முக்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்தே தலை நரைத்தவர். அந்த முக்காலியைத் திட்டாமல் அவர் ஒரு வேளையும் சாப்பிட்டதில்லை. "உக்கார முடியல, உறுத்துது, இதுக்கு ஆணி மேலயே உக்காரலாம்." மெத்தை போட்டுக் கொடுத்தால், "வழுக்குது" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு துணிக்கட்டைத் தூக்கினார். இடுப்பில் சுரீர் என்றது. திங்கட்கிழமை மதியம் சாப்பிட வந்தவர், தட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"இடுப்பு வலி உயிர் போகுது. ஆனா ஒண்ணு, முக்காலி இன்னிக்கு உறுத்தவே இல்ல. உக்காந்ததே தெரியல."

"அப்பாடா, இருபத்திரண்டு வருஷம் கழிச்சு முக்காலிக்கு நல்ல பேரு கெடைச்சிருக்கு," என்று சிரித்தாள் நரம்பக்கா.

நானும் சிரித்தேன். நீங்களும் சிரித்திருப்பீர்கள்.

5

இருந்தாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. அவரைக் கட்டிலில் உட்காரவைத்துப் பரிசோதனை தொடங்கினாள். இந்தக் காட்சியை நான் ரசித்து எழுதினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"இந்தக் கட்டைவிரல்ல தொடறது தெரியுதா?"

"தெரியுது."

"சுண்டுவிரல்ல?"

"தெரியுது. கூசுது, விடு."

"குதிகால்?"

"ஏம்மா, நீ பொம்மைக்கு நரம்பு ஒட்டறவ. எனக்கு ஒட்டி வச்சது நீ இல்ல."

கரண்டிக் காம்பால் முழங்காலுக்குக் கீழே ஒரு தட்டு தட்டினாள். கால் விசுக்கென்று எழும்பி அவள் முழங்கையில் இடித்தது.

"வேணும்னு ஒதைச்சீங்க!"

"சத்தியமா நான் இல்ல!"

அவர் சொன்னது நிஜம். அந்த உதைக்கு மூளையின் அனுமதி தேவையில்லை. சேதி தண்டுவடம் வரை போய், அங்கிருந்தே உத்தரவு வாங்கிக்கொண்டு திரும்பிவிடும். (பல குடும்பச் சண்டைகளும் இந்த வழியில்தான் நடக்கின்றன.)

நரம்பக்கா விரல்விட்டு எண்ணினாள். இடுப்பு ஐந்து, சரி. அதற்குக் கீழே இரண்டு, சரி. மொத்தமும் சரி.

"ஒண்ணும் இல்ல. வெறும் சுளுக்கு," என்று தீர்ப்புச் சொல்லித் தைலம் தேய்த்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை அவர், "ஒண்ணுக்கே வரமாட்டேங்குது, சொட்டுச் சொட்டாத்தான் போகுது. தண்ணி கொறைச்சலாக் குடிச்சேன் போல," என்றார். அவள் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். அதுவும் உள்ளேயே தங்கிவிட்டது.

6

இந்த இடத்தில் நான் மாட்டிக்கொண்டேன்.

அவருக்கு என்ன ஆகியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள நாலு பேரிடம் விசாரித்தேன். இடுப்பு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை போன்ற தட்டு விலகி, குதிரைவாலை நெரிக்கிறது. கால் நரம்புகள் ஓரமாக ஒதுங்கித் தப்பித்துவிட்டன. நடுவில் கிடந்த மெல்லிய கடைசிக் கம்பிகள் அகப்பட்டுக்கொண்டன. உட்காரும் இடம் மரத்துப்போகும், சிறுநீர் நிற்கும். சீக்கிரம் அறுவை செய்து விடுவிக்காவிட்டால் போன உணர்வு திரும்பாமலே போகலாம். நாளைக் கணக்குப் பார்க்கிற விஷயம் இல்லை, மணியைக் கணக்குப் பார்க்கிற விஷயம் என்றார்கள்.

நாலாம் பகுதியைத் திருப்பிப் படித்தேன். முக்காலி வசனத்தை வேடிக்கைக்குத்தான் எழுதியிருந்தேன்!

அவளிடம் எப்படிச் சொல்வது? நான் கதைக்குள் போய்க் கதவைத் தட்ட முடியாது. ஆனால் கடிதம் போடலாம். ஒரு கல்லூரியின் பெயரில் முதலாளிக்கு எழுதினேன்: 'ஐயா, சீட்டில் முப்பத்தொன்று, பொம்மையில் இருபத்தேழு. மீதி நான்கு எங்கே?'

புதன்கிழமை காலை பத்து மணிக்கு முதலாளி கடிதத்தோடும் ஒரு படத்தோடும் வந்தார்.

"எவனோ வேலையத்தவன் எண்ணியிருக்கான். அந்த நாலையும் ஒட்டிக் குடுத்துரும்மா. எது எங்க போகுதுன்னு படத்துல இருக்கு."

திரும்பி நிற்கும் மனிதனின் படம். ஒவ்வொரு நரம்புக்கும், அது உணர்வு தரும் தோலில் ஒரு பட்டை. நரம்பக்கா கடைசி நான்கைத் தேடினாள். காலில் இல்லை. நான்கும் ஒரே இடத்தில், ஒன்றுக்குள் ஒன்றாக வட்டமிட்டிருந்தன. உட்காரும் இடம். ஓரத்தில் பொடி எழுத்தில், முதல் இரண்டுக்கும் சிறுநீர்ப்பையிலும் வேலை உண்டு என்று போட்டிருந்தது.

அவள் கையிலிருந்த பசைக்குழாய் மேசையில் விழுந்தது.

"ஐயோ," என்றாள். "உக்காந்ததே தெரியலன்னாரே. நான் சிரிச்சேனே!"

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

(அந்தக் கடிதத்தை நான் திங்கட்கிழமையே அனுப்பியிருக்கலாம். தடுக்க ஆள் இல்லை. முழங்கால் காட்சி நன்றாக வந்திருந்தது. அதை இழக்க மனசு வரவில்லை. ஒரு நகைச்சுவைக்காக ஒரு மனிதரின் இரண்டு நாளைத் தின்றிருக்கிறேன். நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.)

7

ஆட்டோ, ஸ்கேன், கையெழுத்து, அறுவை. இவற்றை ஒரே வரியில் தாண்டுவதற்குக் காரணம், அந்த மணிநேரங்களில் நரம்பக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அறுவை செய்த டாக்டர் வெளியே வந்து சொன்னார்: "நெரிசலை எடுத்தாச்சு. நரம்பு முழிச்சுக்குமான்னு இப்ப சொல்ல முடியாது. பாக்கலாம்."

"நான் பதினாறு வருஷமா இதே வேலைதான் சார் பாக்கறேன்," என்றாள் அவள். "எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"உங்களுக்குக் குடுத்த பொம்மையில இல்லையே. எப்படித் தெரியும்?"

அவள் சமாதானமாகவில்லை. நானும் ஆகவில்லை.

ஆறாம் நாள் மதியம் நர்ஸ் சிறுநீர்க் குழாயை எடுத்தார். "இனிமே தானாப் போகணும். போச்சுன்னா நல்லது. இல்லன்னா குழாய மறுபடி போடணும், வீட்டுக்கும் அதோடதான் போகணும்," என்றார். டெய்லர் கைத்தடியை ஊன்றிக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நரம்பக்கா வெளியே நின்றாள்.

இந்த இடத்துக்கு இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் அவர் சிரித்துக்கொண்டே வெளியே வருகிறார். அதைப் படித்தால் நான் என் குற்றத்தைக் கழுவிக்கொள்ள எழுதியது போல இருக்கிறது. இன்னொன்றில் தலையாட்டிக்கொண்டே வருகிறார். அதை எழுதிவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை. மூன்றாவதாக ஒன்று, 'கொஞ்சம் கொஞ்சமாக, மாதக்கணக்கில்' என்று ஆரம்பித்து

வேண்டாம். கதவருகே போவோம்.

"என்னங்க," என்றாள் நரம்பக்கா.

"ம்."

"ஆச்சா?"

உள்ளே தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது.

"என்னங்க, வருதா?"

"நீ கதவுல காத வச்சுட்டு நின்னா எப்படி வரும்? தள்ளிப் போ."

"போயிட்டேன்."

"பொய் சொல்லாத. கதவுக்கு அடியில கால் தெரியுது."

அவள் ஓரடி பின்னால் வைத்தாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு வேறெதுவும் வேண்டாம். ஒரு சத்தம் கேட்டால் போதும்.

உள்ளிருந்து மறுபடியும் குரல்: "உன்கூட யாரு நிக்கறது? ரெண்டு மூணு பேரு நிக்கற மாதிரி இருக்கே?"

நரம்பக்கா திரும்பினாள். முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு உங்களை. கோபப்படவில்லை. "கொஞ்சம் அந்தாண்ட போறீங்களா? அவருக்குக் கூச்சம் ஜாஸ்தி," என்றாள் மெதுவாக.

நான் பேனாவை மூடிக்கொண்டு வராந்தாவின் மறுகோடிக்கு வந்துவிட்டேன். நீங்களும் தயவுசெய்து வந்துவிடுங்கள். நீங்கள் இன்னும் அங்கேயே நிற்கிறீர்கள்.