ஒன்பது படங்கள்

அப்பாவின் கேமரா திரையில் ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள் வித்யாலட்சுமி. மாலை போட அவர் படம் ஒன்று வேண்டும். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த சாரங்கபாணி, ஏ.எஸ்.ராவ் நகரில் எல்லோரையும் படம் பிடித்தவர். தன்னை எடுக்க யாரிடமும் கேமராவைக் கொடுத்ததில்லை.

கார்டு முழுக்க ஆமைக்குஞ்சுகள். ரிடையரான பிறகு ஆறு வருடமாக, மழை தொடங்கியதும், நாச்சாரம் தாண்டியிருக்கும் சின்ன ஏரிக்கு விடியும்போதே போய்விடுவார். சேற்றில் துண்டை விரித்துக் குப்புறப் படுத்துக்கொள்வார். மண்ணைக் கீறி வெளியே வரும் பாலாமைக் குஞ்சுகள் உள்ளங்கைக் குழியில் அடங்கும். அவை தண்ணீரைத் தொடும்வரை அசையமாட்டார். "தொடப்படாது. வழியும் காட்டப்படாது. அதுக்கே தெரியும்" என்பார்.

பத்து நாளுக்கு முந்தைய படங்கள் ஒன்பது. ஒன்றில் குஞ்சுகளுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் புல்டோசர். அடுத்ததில் மண்ணோடு நசுங்கிய ஓடுகள். அதற்கடுத்ததில், டிரைவருக்குக் கைநீட்டி இடம் காட்டும் பத்ரி மாமா.

அம்மா பாமாவின் தம்பி. ஏரிக்கரையில் மண்ணடித்து மனை போடுகிறவர்.

அன்று அப்பா அவளிடம் மட்டும்தான் சொன்னார். "ஒரு வாரம் பொறுடான்னு கெஞ்சினேன். 'ஆமைக்கெல்லாம் பட்டா இருக்கா அத்திம்பேர்?'னு சிரிச்சான். என் கண்ணெதிர்லயே ஏத்தச் சொன்னான்."

புகார் கொடுக்கலாம் என்றாள்.

"நக்கோ, வேண்டாம். பாமாவோட தம்பி. விட்டுடு."

அதன்பிறகு அவர் ஏரிக்குப் போகவில்லை. சரியாகச் சாப்பிடவுமில்லை. இன்று காலை காபி டம்ளரோடு சரிந்தார்.

வித்யா படங்களைப் போனுக்கு மாற்றினாள். வனத்துறை அதிகாரியின் எண் அப்பாவின் டைரியில் இருந்தது. ஒன்பது படங்களையும், மாமாவின் பெயர், போன் நம்பரோடு அனுப்பினாள்.

"வித்யா, படம் கிடைச்சுதா? நாலு மணிக்கு எடுத்துடணும்ங்கறார் வாத்தியார்."

பத்ரி மாமா வாசலில் நின்றார். அழுது கண் சிவந்திருந்தது. ஆண்பிள்ளை இல்லாத வீடு. கொள்ளி வைக்கப்போகிறவர் அவர்தான்.

"கிடைச்சுது" என்று திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

மாமா பார்த்தார். சட்டென்று கதவைச் சாத்தினார். "இதை இப்ப எதுக்கும்மா... அக்காவுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டா."

"அம்மாகிட்ட சொல்லமாட்டேன். பாரஸ்ட் ஆபீஸருக்கு அனுப்பியாச்சு. தேதி, நேரம், உங்க மூஞ்சி, எல்லாம் தெளிவா இருக்கு."

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "என்னால முடியாது வித்யா. கொள்ளிக்கு வேற யாரையாவது..."

"அதெப்படி? நீங்கதான் பண்ணணும் மாமா. சட்டியைத் தூக்கிண்டு முன்னாடி நடங்கோ. அப்பா பின்னாலயே வருவார்."

அவர் எழுந்து கதவுவரை போய், திரும்பி வந்து உட்கார்ந்தார். இன்னும் கொஞ்சம் தவிக்கட்டும் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நாலு மணிக்கு, ஈர வேட்டியோடு, நெருப்புச் சட்டியை ஏந்திக்கொண்டு பத்ரி மாமா தெருவில் இறங்கினார். பெண்கள் வாசல் கேட்டோடு நின்றுவிட்டார்கள். அப்பாவை ஏற்றிய வண்டி திருப்பத்தில் மறைந்தது.

மாமா கழற்றிக் கொடுத்த சட்டை பாமாவின் மடியில் இருந்தது. அதன் பையில் போன் அடிக்கத் தொடங்கியது. நின்றது. மறுபடி அடித்தது.

"யாருன்னு பாருடி" என்றாள் பாமா. "பாவம், காலைலேர்ந்து ஒருவாய் தண்ணி குடிக்கலை. இவன் மட்டும் இல்லேன்னா இன்னிக்கு நமக்கு யாரு இருக்கா?"

வித்யா போனை எடுக்கவில்லை. பாமா சட்டையை மெதுவாக மடித்து, காலரைத் தடவி நேராக்கினாள்.