முதல் துண்டு

1

இந்தக் கதை ஒரு கோழித்துண்டிலிருந்து பிறந்தது. இதைவிடக் கௌரவமான பிறப்பு ஒன்றை இதற்குச் சொல்லிப் பார்க்கலாமா என்று நாலைந்து நாள் யோசித்தேன். எதுவும் ஒட்டவில்லை. பசியோடு ஒரு கடைக்குப் போனேன், தணலில் சுட்ட கோழி தின்றேன், அதில் ஒரு துண்டு எனக்குச் சேர வேண்டியதல்ல. அது யாருக்குச் சேர வேண்டியது என்று எனக்கு விளங்கியபோது அந்த ஆளைப் புதைத்திருந்தார்கள்.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

தேயிலை மலைகளின் தோளில் பனிமூட்டம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்த மாலை வேளையில்—

வேண்டாம். நானுஓயாவில் ரயிலை விட்டிறங்கிப் படம் பிடிக்கும் வெளியூர்க்காரர்களுக்காக எழுதியது போலிருக்கிறது. அன்று பனிமூட்டம் இல்லை, மழை. மாலையும் இல்லை, பகல் சாப்பாட்டு நேரம்.

இரண்டாவது தொடக்கம்:

புருஷன் செத்துக் கிடக்க, ஜீவராணி தணலை விசிறிக்கொண்டிருந்தாள்.

இது நல்ல வாக்கியம். அதனால்தான் அடித்தேன். எடுத்த எடுப்பில் ஒரு பெண்ணைக் கல்நெஞ்சக்காரி ஆக்கிவிட்டு, பிறகு பக்கம் பக்கமாக அவளுக்கு வக்காலத்து வாங்குவது ஒரு பிழைப்பா? போதாததற்கு, அது உண்மையா என்றும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. நான் பார்த்தவை சில. மற்றதெல்லாம் நானாகக் கட்டுவது. எது எது என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

2

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அக்கரப்பத்தனை பஸ் ஒரு பெரிய வளைவில் மூச்சு வாங்கும் இடத்தில், தோட்டத் தொழிலாளர் லயங்களைத் தாண்டி, தகரக்கூரை போட்ட வீடு. முன் அறையில் மேசைகள், பின் அறையில் குடும்பம். வாசலோரச் சார்ப்பில் நெடுக்காகப் பிளந்த ஒரு பீப்பாய், அதன்மேல் கம்பி வலை, கீழே சிரட்டைக்கரித் தணல். மிளகும் காய்ந்த மிளகாயும் கொறக்காப்புளியும் அரைத்துப் பூசி ஊறவைத்த கோழி, அதே தணலில் வாட்டிய தேங்காய் ரொட்டி, தொட்டுக்கொள்ளக் கட்டச்சம்பல். வேறு ஏதாவது கேட்டால், "அதுக்கு டவுனுக்குப் போங்க சேர்" என்பாள் ஜீவராணி.

சுடுவது அவள். பரிமாறுவது மகள் நிலக்ஷி. ஜீவராணியின் கணவர் செல்லசாமி பாரிசவாதத்தில் கைகால் விழுந்து பின் அறைக் கட்டிலில் கிடந்தார். நடமாடிய காலத்தில் வலையிலிருந்து இறங்கும் முதல் துண்டைத் தின்று பார்ப்பது அவர் வேலை. உப்பு சரி என்று அவர் தலையாட்டினால்தான் மற்றது மேசைக்கு வரும். படுத்த பிறகும் அந்த வழக்கத்தை அவர்கள் விடவில்லை. முதல் துண்டை நிலக்ஷி நார் நாராகப் பிய்த்து ஒரு சின்னப் பீங்கான் தட்டில் உள்ளே கொண்டுபோவாள். சற்றுக் கழித்து உள்ளேயிருந்து ஓர் உறுமல் வரும். அதற்கு உப்பு சரி என்று பொருள். அதுவரை நாங்கள் எச்சில் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

(தணலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோவேன். கடை மூடும்போது ஜீவராணி தணலை அணைக்கமாட்டாள். சாம்பலை அள்ளிப் போட்டு மூடிவைப்பாள். மறுநாள் கிளறினால் அடியில் நெருப்பு இருக்கும். தண்ணீர் பட்ட கரி எதற்கும் உதவாது என்று ஒருமுறை என்னிடமே சொல்லியிருக்கிறாள்.)

3

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போயிருக்கக்கூடாது. நிலக்ஷியைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது.

"சொந்தக்காரங்க வாராங்க சேர், இன்னைக்கி வேற யாருக்கும் இல்ல," என்றாள் ஜீவராணி. என் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தாள். "மழையில வந்துட்டீங்க, எப்பிடிப் போகச் சொல்றது. அந்த மூலையில உக்காருங்க."

அந்த மூலையிலிருந்து பின் அறைக் கதவும் தெரியும், தணலும் தெரியும். கதை எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அன்று எனக்கு வேண்டியிருந்தது சாப்பாடு மட்டும்தான்.

ஒரு வேனில் மூன்று பேர் வந்தார்கள். முத்துலிங்கம், அவர் மனைவி சண்முகவடிவு, மகன் கிஷாந்த். மாப்பிள்ளை ஹட்டனில் கைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறான். சாதுவான பையன். சண்முகவடிவு நாற்காலியில் அமர்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பேச்சைத் தொடங்கிவிட்டாள்.

"போன மாசம் ஒரு எடத்துக்குக் கெளம்பினோம் அண்ணி. பாதி வழியில ரோட்டோரமா செத்த வீட்டு வெள்ளக்கொடி கட்டியிருந்திச்சு. வேனத் திருப்புங்கன்னுட்டேன். நல்ல காரியத்துக்குப் போறப்ப அதெல்லாம் நமக்கு ஆகாது பாருங்க."

"அதுவும் சரிதான் அண்ணி," என்றாள் ஜீவராணி.

நிலக்ஷிக்கு முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. இதற்கு முன் வந்தவர்கள் பின் அறையில் கிடக்கும் மனிதரைப் பார்த்துவிட்டு, சொல்லியனுப்புகிறோம் என்று போய்விட்டார்கள். பஜாரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. இந்த முறை பையனே விரும்பிக் கேட்டு வந்திருந்தான். சுவரோரம் நின்று அவளிடம் ஏதோ சொன்னான். அவள் சிரித்தாள். இத்தனை காலமும் அந்தக் கடையில் அவள் சிரித்து நான் கண்டதில்லை.

4

நான் பார்த்தது: ஜீவராணி விசிறி மட்டையை வைத்துவிட்டுப் பின் அறைக்குள் போனாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கதவை இழுத்துச் சாத்தினாள். பகலில் அந்தக் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

நான் பார்க்காதது:

போர்வை நழுவிக் கிடந்தது. அதை இழுத்துவிடக் குனிந்தவள் அவர் பாதத்தைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது. மழை நாளில் எல்லார் காலும்தான் குளிரும் என்று நினைத்துக்கொண்டாள். "என்னாங்க," என்றாள். நெஞ்சில் கை வைத்தாள். மூக்கருகே விரலை வைத்துக் காத்திருந்தாள். தகரத்தில் மழை அடித்த சத்தத்தில் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. விரலிலும் எதுவும் படவில்லை.

கத்துவதற்கு வாயைத் திறந்தாள். கத்தினால் என்ன நடக்கும் என்பது அதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. சாவு விழுந்த வீட்டில் பிணம் எடுக்கும்வரை அடுப்பு எரியக்கூடாது. தணலை அணைக்க வேண்டும். வந்தவர்கள் கை நனைக்காமல் எழுந்துவிடுவார்கள். எவனோ ஒருவன் வீட்டு வெள்ளைக்கொடிக்கே வேனைத் திருப்பியவள் சண்முகவடிவு. பார்க்க வந்த நேரத்திலேயே அப்பனைத் தூக்கிக் கொடுத்தவள் என்ற பெயர் நிலக்ஷிக்கு ஒட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு இந்த வளைவில் எந்த மாப்பிள்ளை வேனும் நிற்காது.

அப்போது வெளியே நிலக்ஷி சிரித்தாள்.

(இல்லை. அவள் முன்பே சிரித்துவிட்டாள், போன பகுதியில் நானே எழுதியிருக்கிறேன். சிரிப்பை இங்கே நகர்த்தினால் ஜீவராணி செய்யப்போவதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. அவளுக்கு என் உதவி தேவையா என்று தெரியவில்லை. சிரிப்பு இங்கேயே இருக்கட்டும்.)

ஜீவராணி அவர் கண்களை மூடிவிட்டாள். வாயோரத்தைத் துடைத்தாள். "கொஞ்ச நேரம் பொறுத்துக்கங்க," என்றாள். பசிக்கிறது என்றாலும் வலிக்கிறது என்றாலும் அவரிடம் அவள் சொல்லிவந்தது அதைத்தான்.

இதை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. எழுதியவனுக்கு அழுகை வருவதால் ஒன்றும் நிரூபணமாகிவிடாது, தெரியும். ஆனாலும் வந்தது.

5

இனிமேல் வருவது எல்லாம் நான் கண்ணால் கண்டது.

நிலக்ஷி வலையிலிருந்து முதல் துண்டை எடுத்தாள். சூட்டில் விரலை ஊதிக்கொண்டே பிய்த்துச் சின்னத் தட்டில் வைத்தாள். பின் அறைப் பக்கம் திரும்பினாள். ஜீவராணி குறுக்கே வந்து தட்டைப் பிடித்தாள்.

"கொண்டா இங்க. நா குடுத்துட்டேன்."

"எப்பம்மா?"

"நீ அங்கிட்டு நின்னு பேசிக்கிட்டிருந்தப்ப. மொதல்லயே ஒண்ண எறக்கிக் குடுத்தேன். தின்னுட்டுக் கண்ணசந்துட்டாரு."

நிலக்ஷி வெட்கத்தில் குனிந்துகொண்டாள். மழைச் சத்தத்தில் உறுமல் கேட்காமல் போயிருக்கும் என்று நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தட்டு ஜீவராணியின் கையில் இருந்தது. அதை வந்தவர்கள் தட்டில் சேர்க்கவும் அவளுக்கு மனமில்லை, கொட்டவும் மனமில்லை. சுற்றிப் பார்த்தாள். நேராக என் மூலைக்கு வந்தாள்.

"இத நீங்க சாப்பிடுங்க சேர்."

எனக்குப் பிய்த்துத் தர நான் என்ன குழந்தையா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு ஒரு பிடி எடுத்து வாயில் போட்டேன். அவள் போகவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உப்பு சரியா சேர்?"

தலையாட்டினேன். அதன் பிறகுதான் அவள் திரும்பிப் போய் மற்றத் துண்டுகளை மேசைக்கு அனுப்பினாள்.

6

சாப்பிட்டுக் கை கழுவிய முத்துலிங்கம், "மச்சான ஒருக்காப் பாத்துட்டு வந்துர்றேன் தங்கச்சி," என்று எழுந்தார். "அவரு வாயால ஒரு வார்த்த வாங்காம வெத்தல மாத்துறது நல்லாருக்காது."

"ராத்திரியெல்லாம் தூக்கமில்ல அண்ணே. இப்பத்தான் கண்ணசந்தாரு, எழுப்பினா வலியில கத்துவாரு. அவரு மனசு எனக்குத் தெரியும். வெத்தலைய நானே வாங்கிக்கிறேன்."

முத்துலிங்கம் சாத்திய கதவைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். சண்முகவடிவு வெற்றிலை பாக்குத் தட்டை நீட்ட, ஜீவராணி நெற்றியில் குங்குமத்தோடு இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். நான் பார்த்தேன்.

(புருஷனை இழந்தவள் கையில் தாம்பூலம் கொடுக்கமாட்டார்கள் எங்கள் ஆட்கள். அந்த வழக்கம் சரியா தப்பா என்று இங்கே வழக்காட வரவில்லை. கொடுத்தவர்களுக்கு அன்று ஒன்றும் தெரியாது, வாங்கியவளுக்குத் தெரியும். நான் எழுதுகிற ஜீவராணியையாவது சொல்கிறேன்.)

வெற்றிலை மாற்றியாயிற்று என்றால் பேச்சு மாறாது. வேன் போனது. அது வளைவைத் தாண்டும்வரை ஜீவராணி வாசலில் நின்றாள். பிறகு மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்த வாளியைத் தூக்கி வந்து தணலில் ஊற்றினாள். சார்ப்பு முழுக்க வெண்புகை. நிலக்ஷி ஓடிவந்தாள்.

"என்னம்மா பண்றீங்க? கரியெல்லாம் வீணாப் போகுது."

"போதும்டி இன்னைக்கி," என்றாள் ஜீவராணி. என் பக்கம் திரும்பி, "பஸ் வருது சேர், போயிட்டு வாங்க," என்றாள். பஸ் இன்னும் வரவில்லை.

7

அடுத்த முறை போனபோது பாதையோரம் வெள்ளைக்கொடிகள் மழையில் நைந்து தொங்கிக்கொண்டிருந்தன. கடை பூட்டியிருந்தது. அவர்களுக்குக் கோழி கொடுக்கும் மஃறூப்பை பஜாரில் கண்டு விசாரித்தேன்.

"செல்லசாமி அண்ணன் போயிட்டாரு சேர். ஞாயித்துக்கெழம அந்தி நேரம், பொண்ணு பாக்க வந்தவங்க போன பொறகு. குடுத்து வச்ச மனுசன். மகளுக்கு சம்பந்தம் முடிஞ்ச சந்தோசத்தோட போயிருக்காரு. மாப்பிள்ள வீட்டம்மாதான் முன்ன நின்டு எல்லாம் பாத்தது. வருசம் திரும்பினதும் கல்யாணமாம்."

நான் பஸ் நிலையத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். சாத்திய கதவு, வராத உறுமல், தண்ணீர் ஊற்றிய தணல், எனக்காக வந்த தட்டு என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. செத்தவருக்குப் படைக்கும் சோற்றில் முதல் கவளத்தைக் காகத்துக்கு வைப்போம். காகம் அது யார் சோறு என்று கேட்பதில்லை.

(அல்லது இவை ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். அவர் உண்மையாகவே அந்தியில்தான் போயிருக்கலாம். அவள் களைப்பில் தண்ணீர் ஊற்றியிருக்கலாம். அப்படியானால் நான் ஒரு நல்ல பெண்மேல் பெரும்பழி போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.)

8

முடிவுகள்.

சண்முகவடிவுக்கு விஷயம் தெரிந்துபோகிறது. வெற்றிலைத் தட்டைத் திருப்பிக் கேட்க வேனில் வந்து இறங்குகிறாள். அவள் வாசலில் கால் வைக்கும்போது—

நிறுத்தினேன். அந்த அம்மா செத்த வீட்டில் முன்னின்று வேலை செய்தவள். அவளை வில்லியாக்க எனக்குக் கை வரவில்லை.

ஜீவராணியே மகளிடம் சொல்லிவிடுகிறாள். இருவரும் கட்டிப்பிடித்து—

இது எல்லோரையும் அழவைக்கும். ஆனால் ஜீவராணி சொல்லமாட்டாள். இவ்வளவு எழுதிய பிறகு அது ஒன்றுதான் எனக்கு உறுதியாகத் தெரியும்.

மூன்றாவதை நான் எழுதவில்லை, அது நடந்தது. கருமாதி முடிந்து கடை திறந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அதே மூலை. ஜீவராணி வெறும் நெற்றியோடு தணலை விசிறிக்கொண்டிருந்தாள். வேறு மேசையில் யாருமில்லை. நிலக்ஷி தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு என் எதிரில் நின்றாள்.

"சேர், அன்னைக்கி நீங்க இங்கதான இருந்தீங்க?"

"ஓம்மா."

"அப்பாவுக்குப் பிச்சு வச்ச தட்ட அம்மா என் கையில இருந்து வாங்கினாங்க. மொதல்லயே குடுத்துட்டதாச் சொன்னாங்க." குரலைத் தாழ்த்தினாள். "நீங்க போன ஒடனே நா உள்ள போய்ப் பாத்தப்ப அப்பாவோட கை வெறச்சிப் போயிருந்திச்சு சேர். அம்மாகிட்ட எனக்குக் கேக்க ஏலாது. நீங்க சொல்லுங்க. அன்னைக்கி அப்பா சாப்பிட்டாரா?"

சாப்பிட்டார் என்றால் அவள் கல்யாணம் நடக்கும், அப்பா தன் சிரிப்பைக் கேட்டுவிட்டுத்தான் போனார் என்று நம்பிக்கொண்டு வாழ்வாள். அந்தத் துண்டை நான் தின்றேன் என்றால் அவளுக்கு உண்மை தெரியும், பிறகு தாயின் முகத்தை அவள் எப்படிப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியாது. சார்ப்பில் விசிறிச் சத்தம் நின்றுவிட்டது. ஜீவராணி திரும்பிப் பார்க்கவில்லை. வலையில் முதல் துண்டு கருகத் தொடங்கிய வாடை வந்தது.

அன்று உப்பு சரியா என்று ஜீவராணி கேட்டபோது யோசிக்காமல் தலையாட்டியவன் நான். இன்று என்னால் ஆகவில்லை. நான் எழுந்துகொள்கிறேன், இந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். நிலக்ஷி இன்னும் பதிலுக்காக நிற்கிறாள்.