குதிரையின் காலடியில் ஓர் எழுத்து

வில்ஃப்ரெட் சக்டெனிடம் ஏழு சாவரின்கள், பழைய பிரிட்டிஷ் தங்கக் காசுகள், இருந்தன. ஏழிலும் ஒரே அரசர், மறுபுறம் ஒரே குதிரை. குதிரையின் காலடியில், ஆண்டுக்கு மேலே, கடுகைவிடச் சின்னதாக ஓர் எழுத்து இருக்கும். காசு எந்த ஊரில் அடிக்கப்பட்டது என்பதை அது சொல்லும். சிட்னி, மெல்போர்ன், பெர்த், ஒட்டாவா, பிரிட்டோரியா, பம்பாய். லண்டன் காசில் மட்டும் எழுத்து இல்லை. ஹாலிஃபாக்ஸ் பேருந்துகளில் நடத்துநராக இருந்த வில்ஃப்ரெட் இந்த ஏழையும் சேர்க்க இருபத்தாறு ஆண்டுகள் ஆயின. பம்பாய்க் காசை மட்டும் பதினோரு ஆண்டுகள் தேடினார்.

1966 ஏப்ரலில் பிரிட்டிஷ் அரசின் ஆணை வந்தது. 1837க்குப் பிறகு அடித்த தங்கக் காசுகளை யாரும் நான்குக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மிச்சத்தை விற்றுவிட வேண்டும். பதுக்குபவர் அல்ல, உண்மையான சேகரிப்பாளர் என்று காட்டினால் அனுமதி உண்டு. அதற்கு விவரம் தெரிந்த ஒருவர் எழுதித் தந்தால் நல்லது என்றார்கள். லீட்ஸில் நாணயக்கடை வைத்திருந்த பிக்கர்ஸ்கில் சனிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார். அடுத்த வீட்டுக்காரன் என்பதால் சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

வில்ஃப்ரெட்டின் மனைவி ஐடா தேநீரும் இஞ்சிக் கேக்கும் வைத்தாள். வில்ஃப்ரெட் இழுப்பறையிலிருந்து தட்டை எடுத்து மேசைமேல் வைத்து, மூடியிருந்த துணியை விலக்கினார்.

காசுகள் கண்ணைப் பறித்தன. கூடவே பித்தளை பாலிஷின் நெடி எழுந்தது.

எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை பித்தளை துலக்கும் நாள். கதவைத் தட்டும் வளையம், கடிதப்பெட்டி வாய், கணப்படுப்புக் குறடு என்று ஒன்றையும் விடமாட்டார்கள். விருந்தாளி வருகிறார் என்றால் கை இன்னும் அழுத்தும்.

பிக்கர்ஸ்கில் உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தார்.

"எழுத்தெல்லாம் சரியா இருக்கு, மிஸ்டர் சக்டென். ஆனா எழுத்த எவனும் புத்தகத்துல படிச்சுக்கலாம். இந்த முகம் பூரா கீறலா கெடக்கே. சேகரிக்கிறவன் ஓரத்தப் புடிச்சுத்தான் தூக்குவான். இப்படித் தேய்ச்சு வைக்கிறவன் நகைக்கடைக்குப் போறவன். யாருங்க தேய்ச்சது?"

ஐடா நெஞ்சு நிமிர்ந்து வாயைத் திறந்தாள். அவள் முகத்தில் பாராட்டுக்குக் காத்திருக்கும் களை இருந்தது.

"நான்தான்," என்றார் வில்ஃப்ரெட். "கொஞ்சம் மங்கலா இருந்துச்சு."

ஐடா அவரைப் பார்த்தாள். தன் வேலையை அவர் தட்டிப் பறித்துக்கொண்டதாக நினைத்தாள் போலும். ஆனாலும் எதிரே விருந்தாளி இருந்தார். கேக்கை வெட்டினாள்.

"அப்ப என் பேரப் போட்டு எழுதித் தர முடியாது," என்றார் பிக்கர்ஸ்கில். " நாளைக்கு வேற ஒருத்தர் பாத்தா என்னைத்தான் கேப்பாங்க. மூணு நானே வாங்கிக்கறேன். எந்த மூணுன்னு நீங்களே சொல்லிடுங்க."

வில்ஃப்ரெட் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் ஆறியது.

"இதுல என்னய்யா இவ்வளவு யோசனை," என்றாள் ஐடா. "ஏழும் ஒரே குதிரைதான. ஓரத்துல இருக்கற மூணக் குடு." அவளே எடுக்கப் போனாள். முதல் காசு, இரண்டாவது காசு. மூன்றாவதில் விரல் பட்டதும் வில்ஃப்ரெட் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அது வேணாம், ஐடா. பக்கத்துல இருக்கறது."

பிக்கர்ஸ்கில் வில்ஃப்ரெட் விடாத காசைக் குனிந்து பார்த்தார். அதில் பம்பாயின் எழுத்து. பிறகு வில்ஃப்ரெட்டின் முகத்தையும், ஐடாவின் விரல்நுனியில் ஒட்டியிருந்த பாலிஷின் கருமையையும் பார்த்தார். ஒரு கணம் பேனாவைத் தொட்டார். கடைசியில் மூன்று காசுகளுக்கும் ரசீதையே எழுதினார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கேக் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மேசைமேல் செய்தித்தாளை விரித்து, பாலிஷ் டப்பாவோடு ஐடா உட்கார்ந்திருந்தாள்.

"அந்தக் காசையும் எடு, வில்ஃப். நான் தேய்ச்சதுக்கு மேல நீயும் தேய்ச்சிருக்க, உனக்குத் தேய்க்கவே தெரியல, அந்தாளு கீறல்ங்கறாரு. நான் மெதுவாத் தேய்க்கறேன்."

அவர் மூன்றை எடுத்து வைத்தார்.

"நாலுல்ல இருந்துச்சு?"

"இது நல்லாத்தான் பளபளன்னு இருக்கு," என்றார், மூடிய கையைத் திறக்காமல்.

"காட்டு."

அவர் விரல்களை விரித்தார். பம்பாய்க் காசு. ஐடா எட்டிப் பார்த்தாள்.

"ஆமா, பளபளன்னுதான் இருக்கு," என்று சொல்லிவிட்டு மற்ற மூன்றுக்காக டப்பாவைத் திறந்தாள்.