சுமை அதிகம்

லிஃப்ட் மெக்கானிக்குகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெட்டி நின்றுபோனது என்று போன் வந்தால் முதலில் அவர்கள் கேட்பது சுமையைப் பற்றித்தான். உள்ளே ஆள் அதிகமானால் மணி அடிக்கும், கதவு மூடாது, மோட்டார் அசையாது. அதற்கு ஸ்பேனரும் வேண்டாம், ஸ்க்ரூடிரைவரும் வேண்டாம். "ரெண்டு பேர் இறங்குங்க" என்று சொன்னால் போதும். இறங்கினவர்கள் முறைத்துக்கொண்டு நிற்பார்கள், பெட்டி தன் பாட்டுக்கு மேலே போய்விடும். நம் மெக்கானிக் இந்த வேலையில் கைதேர்ந்தவன். அவன் கோட்டை விட்டது வீட்டில்தான்.

அவர்களுக்குக் குழந்தை பிறந்தது, ஆனால் மூச்சு விடவில்லை. மனைவி ஆஸ்பத்திரியில் படுத்திருக்க, துணி எடுத்துப்போக வீட்டுக்கு வந்தவன், சின்ன அறையில் ஜன்னலுக்குக் கீழே இருந்த குழந்தைக் கட்டிலைப் பார்த்தான். அவள் மாசக்கணக்கில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய மரக்கட்டில். அவள் திரும்பி வந்து இதைப் பார்த்தால் தாங்குவாளா என்று நினைத்தான். ஸ்பேனரை எடுத்துக் கழற்றினான். தான் வேலைக்குப் போகிற ஒரு கட்டடத்தின் வாட்ச்மேனிடம், அவர் மகளுக்குப் பேறுகாலம் என்று கேள்விப்பட்டு, அப்படியே கொடுத்துவிட்டான். சின்னச் சட்டைகள், போர்வை, எல்லாம். அறையைக் கூட்டித் துடைத்தும் வைத்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனாலும் நாலு வார்த்தை சொல்லத்தான் தோன்றுகிறது.

வீட்டுக்கு வந்தவள் அந்த அறை வாசலில் நின்று பார்த்தாள்.

"எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டேன்" என்றான்.

"சரி" என்றாள்.

அன்றிலிருந்து அந்த ஒரு வார்த்தைதான். சாப்பிடுறியா என்றால் சரி. ஃபேன் போடவா என்றால் சரி. குளிருதா, நிறுத்திடவா என்றால் அதற்கும் சரி. கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலைக்குத் திரும்பப் போக ஆரம்பித்தாள். வேலையில் ஒரு குறையும் இல்லை என்று முதலாளியம்மா போனில் சொன்னார். அவனும் வேலைக்குப் போனான், வந்தான். அவனுக்கும் அழுகை வரவில்லை. வரும் என்று சில நாள் காத்திருந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டான். சம்மணம் போட்டு மரத்துப்போன காலில் கிள்ளினால் யாருடைய காலையோ கிள்ளுகிற மாதிரி இருக்குமே, உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது.

அவள் செய்த ஒரே புது காரியம், அலமாரி மேலிருந்த பழைய கம்ப்யூட்டரை இறக்கியதுதான். ஹாஸ்டலில் இருந்த காலத்தில் அவள் விளையாடிய கேம் ஒன்று அதில் இருந்தது. வாளும் மந்திரமும் டிராகனும் இருக்கிற ஒரு கற்பனை உலகம். அந்தக் காலத்துச் சரக்கு. ஆட்களின் முகம் பிசைந்து வைத்த மாவு மாதிரி இருக்கும், நடந்தால் கால் தரையில் பாவாது. கடையிலிருந்து வந்ததும் அவள் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். பச்சைத் தொப்பி போட்ட ஒரு வில்காரிதான் அவளுடைய ஆள். அந்த வில்காரி அம்பு விட்டு அவன் பார்த்ததே இல்லை. எப்போது பார்த்தாலும் எங்கோ நடந்துகொண்டிருப்பாள்.

பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தான்.

"இப்ப எங்க போகணும்?"

"எங்கயும் இல்ல."

"எதிரி யாரு?"

"இருக்காங்க எங்கயாச்சும்."

"அப்ப எப்படி ஜெயிக்கிறது?"

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை. "தெரியல" என்று சொல்லிவிட்டு மறுபடி நடக்க ஆரம்பித்தாள்.

அவள் இருக்கிற ஒரே இடம் அதுதான் என்று அவனுக்குப் புரிந்தது. அங்கே போனால்தான் அவளைப் பார்க்க முடியும். அதனால் அவள் இல்லாத நேரத்தில் தனக்கென்று புதிதாக ஓர் ஆட்டம் ஆரம்பித்தான். முதல் பாலத்தைத் தாண்டுவதற்குள் ஒரு எலி கடித்துச் செத்தான். எங்கே போவது என்று காட்ட அம்புக்குறி கிடையாது, வழி கேட்டால் ஊர்க்காரன் கதை சொல்கிறான். பொத்தானைத் தட்டித் தட்டிக் கதையைத் தாண்டினான், காட்டுக்குள் தொலைந்தான், ஓநாய் வந்தது. கழுதை மேய்ப்பது இதைவிட மேல் என்று மூடி வைத்தான்.

கூட வேலை செய்கிறவன் ஒருத்தன், வாய் ஓயாததால் எல்லாருக்கும் ரேடியோ. மோட்டார் அறையில் கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே அவனிடம் இதைச் சொல்லிப் புலம்பினான்.

"நீ போய் அங்கயும் ரிப்பேர் வேலை பாக்குற" என்றான் ரேடியோ. "எது மக்கர் பண்ணுது, எதைக் கழட்டலாம்னு. அந்தக் காலத்து கேம்டா அது. ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு நடக்கணும். அந்த நடைதான் கேமே. உனக்கு அது வெறும் நடையாத் தெரிஞ்சா, பேசாம மூடி வெச்சுட்டுத் தூங்கு. உன் மூஞ்சிக்கு லிஃப்ட் கேம்தான் லாயக்கு."

அவன் ஒரு காதில் வாங்கினான். மறு காதின் வழியாக அது போயும் போய்விட்டது.

அந்த வாரம் மனைவியின் அக்கா போன் செய்தாள். கொஞ்ச நாள் எங்களோடு வந்து இரு, சனிக்கிழமை நானே வந்து கூட்டிப்போகிறேன் என்றாளாம். "போறியா?" என்று கேட்டான். என்ன பதில் வரும் என்று தெரிந்துதான் கேட்டான். வந்தது. பெட்டியை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நாள் என்றுதான் பேச்சு. ஆனால் அவள் திரும்பி வருவாளா என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. வா என்றால் சரி என்பாள், இங்கேயே இரு என்று அக்கா சொன்னாலும் சரி என்பாள். அவள் போவதற்குள் அவளிடமிருந்து வேறு ஒரு வார்த்தை வர வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான்.

மறுநாள் அவனுக்கு லீவு. அவள் கடைக்குப் போயிருந்தாள். மதியம் சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டு வந்தவன், கம்ப்யூட்டர் அணையாமல் இருப்பதைப் பார்த்தான். பச்சைத் தொப்பிக்காரி ஏதோ ஒரு கடைக்குள் வியாபாரியின் முன்னால் நின்றிருந்தாள். திரையின் நடுவில் ஒரு வரி: சுமை அதிகம், நகர முடியாது.

அதைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது என்றே சொல்ல வேண்டும். வழி கேட்டால் கதை கதையாகச் சொல்கிற அந்த உலகத்தில் முதன்முதலாக அவனுக்குப் புரிகிற பாஷை. பாவம், மாட்டிக்கொண்டு நிற்கிறாள்! மூட்டையைத் திறந்து பார்த்தான். மண் சட்டி, மரக் கிண்ணம், மெழுகுவர்த்தி, கம்பளம், முக்காலி. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சின்ன மரக்கட்டில். சண்டைக்கு உதவுகிற சாமான் ஒன்றாவது இருக்க வேண்டுமே! எல்லாவற்றையும் வியாபாரியின் தலையில் கட்டினான். லிஃப்டில் மணி நிற்கிற மாதிரி அந்த வரி மறைந்தது. தொப்பிக்காரி துள்ளி ஓடினாள். வேலை முடிந்ததும் கையெழுத்துப் போடுகிற பழக்கத்தில் சேமிப்புப் பொத்தானையும் அழுத்திவிட்டான். பழைய ஆட்டம் அழிந்து அதன் இடத்தில் இது உட்கார்ந்தது.

அவள் வந்து பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்துக்கொண்டே ஏரிக்கரைப் பாதையில் ஓட்டினான். பாதை முடிகிற இடத்தில் ஒரு குடிசை. கதவைத் தட்டினால் திறந்துகொண்டது. இவளிடம் சாவி இருக்கிறது, இது இவள் வீடு.

உள்ளே போனான். ஒரே அறை. சுவரோரம் தட்டுகள் ஒன்றின் பக்கத்தில் ஒன்று, சின்னதிலிருந்து பெரிதாக. அலமாரியில் பூ. தரையில் பாதிக்குக் கம்பளம் விரித்து, மீதிக்கு இன்னொன்று வர வேண்டும் என்று தெரிந்தது. ஜன்னலுக்குக் கீழே மட்டும் காலி இடம். அந்தக் காலி இடத்தின் இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி வைத்திருந்தாள். அந்தப் பக்கத்தில் கதவு, இந்தப் பக்கத்தில் அலமாரி. அவன் தலையைத் திருப்பி, திறந்திருந்த சின்ன அறையைப் பார்த்தான். அந்தப் பக்கத்தில் கதவு, இந்தப் பக்கத்தில் அலமாரி, ஜன்னலுக்குக் கீழே காலி இடம்.

ஒரு தடவை செய்ததையே மறுபடியும் செய்திருக்கிறான், அதே கையால், அதே நல்ல எண்ணத்தோடு. வியாபாரியின் முன்னால் நின்றவள் மாட்டிக்கொண்டு நிற்கவில்லை. வாங்கிக்கொண்டிருந்தாள்.

விழுந்தடித்துக் கடைக்கு ஓடினான். நல்லவேளை, வியாபாரி எதையும் விற்கவில்லை. எல்லாவற்றையும் திரும்ப வாங்கினான். உடனே அந்த வரி வந்து நின்றது: சுமை அதிகம். கட்டிலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கடையின் தரையில் இறக்கினான். அப்படியும் ஓட முடியவில்லை. அந்தக் கனத்தோடு நடக்கத்தான் முடியும், அதுவும் அடி மேல் அடி வைத்து. நடந்தான்.

ஏரிக்கரையில் தூறல் போட்டது. இந்த கேமில் மழை பெய்யும் என்பதே அவனுக்குத் தெரியாது. பாறைமேல் தூண்டிலோடு உட்கார்ந்திருந்த கிழவனை சற்று முன் போகும்போதும் வரும்போதும் தட்டித் தாண்டிப் போயிருக்கிறான். இப்போது கிழவன் சொன்னதை நின்று படித்தான். "இன்னிக்குத் தண்ணி அமைதியா இருக்கு." அவ்வளவுதான். அதற்குமேல் அவனிடம் ஒன்றும் இல்லை. மெக்கானிக் தண்ணீரைப் பார்த்தான். அமைதியாகத்தான் இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தான் என்று அவனுக்கே தெரியாது. மரத்துப்போன காலில் ரத்தம் திரும்பும்போது சுருக்கென்று குத்துமே, அது போல நெஞ்சுக்குள் எங்கோ குத்த ஆரம்பித்தது. அவன் நிறுத்தவில்லை. கட்டிலைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

வாசலில் சாவி திரும்புகிற சத்தம் கேட்டது. வழக்கமாக இருந்தால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல எழுந்திருப்பான். இன்றைக்கு எழுந்திருக்கவில்லை.

அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் அவன் பின்னால் வந்து நின்றாள். திரையைப் பார்த்தாள்.

"உன் சாமானை வித்துட்டேன்" என்றான் அவன். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. "நகர முடியாதுன்னு போட்டிருந்துச்சு. அதான் இறக்கிட்டேன். இப்பத்தான் வீட்டைப் பார்த்தேன். திரும்ப வாங்கிட்டேன், ஒண்ணும் போகல. கட்டில முதல்ல எடுத்துட்டுப் போறேன்."

அவன் எதிர்பார்த்த 'சரி' வரவில்லை. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொப்பிக்காரி குடிசையை நெருங்கினாள்.

"யாருக்குக் குடுத்தீங்க?" என்றாள்.

எந்தக் கட்டிலைக் கேட்கிறாள் என்று அவன் கேட்கவில்லை.

"வாட்ச்மேனுக்கு. அவர் பொண்ணுக்குக் குழந்தை."

"தூங்குதா அதுல?"

"தூங்குதாம்."

அவள் தலையாட்டினாள். "என்னை ஒரு வார்த்தை கேக்காம ஏன் குடுத்தீங்க?" என்றாள். இத்தனை மாதமாக வராத கேள்வி. குரல் உயரவில்லை.

"உனக்குக் கனமா இருக்கும்னு நெனச்சேன்."

"இருக்கட்டுமே!" என்றாள். "கனமா இருந்தா என்ன? பத்து மாசம் தூக்கினவதானே நான். அதையும் தூக்கியிருப்பேன்ல."

அவள் மேசையில் தலையை வைத்து அழுதாள். அவனும் அழுதான், வெட்கமில்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. பொத்தானிலிருந்து கை எடுபட்டதால் தொப்பிக்காரி மழையில் கட்டிலோடு அப்படியே நின்றாள். அந்தக் காலத்து கேமுக்கு அவசரம் என்பது கிடையாது.

இடையில் போன் அடித்தது, அக்காதான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். "இல்லக்கா, ஒண்ணும் இல்ல, சளி. சனிக்கிழமை வராதக்கா. நான் சொல்றேன். இப்ப கையில வேலையா இருக்கேன்."

வேலையாம்! அவன் குடிசைக் கதவைத் திறந்து உள்ளே போய் கட்டிலை வைத்தான்.

"அங்க இல்ல" என்றாள். "இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம்."

நகர்த்தினான். அவள் திரையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிச்சமெல்லாம்?"

"கடையிலதான் இருக்கு. போய் எடுத்துட்டு வந்துடவா?"

"போங்க" என்றாள், நாற்காலியை அவன் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு. "ஓடாதீங்க. நடந்தே போங்க."