கடைசி நிறுத்தத்துக் கடற்கரை

பேசக்கூடாதவளிடம்தான் உலகமே வந்து கருத்துக் கேட்கும் என்பது, என் மனைவிக்குத் தொண்டை போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று நாள் முழுக்கச் சொல்வது வேலை. ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும். அந்தக் குரல் முதலில் கரகரத்தது, பிறகு பாதி வாக்கியத்தில் நின்றுபோக ஆரம்பித்தது. தொண்டை மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்தார்.

"குரல் நாண்ல முடிச்சு முடிச்சா இருக்கு. பத்து நாள் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுன்னு பேசறது அதைவிட மோசம். மீறினா கத்தி வைக்க வேண்டி வரும். வச்சா இதே குரல் திரும்பும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். "வீட்டுல இருந்தா பேசிடுவீங்க. அமைதியா ஒரு கடற்கரையைப் பார்த்துப் போய் உட்காருங்க."

நிலைய மேலாளர் இன்னும் தெளிவாக இருந்தார். குரல் திரும்பாவிட்டால் அவளைக் காணாமல்போன பொருள்கள் பிரிவுக்கு மாற்றிவிடுவாராம். குரலைத் தொலைத்தவளுக்கு இதைவிடப் பொருத்தமான நாற்காலி ஏது? மனுஷன் சிரிக்காமல் சொன்னார்.

கடற்கரையை அவள் அன்றைக்கே தேர்ந்தெடுத்துவிட்டாள். மகள் வாங்கித் தந்த சின்ன வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினாள்: 'ஏழாம் நடைமேடை வண்டி. கடைசி நிறுத்தம்.'

அது தென்னந்தோப்புகளுக்குள் புகுந்து கடலோரத்தில் போய் நின்றுவிடும் வண்டி. அதற்கப்பால் சாலை கிடையாது. தான் எத்தனை இனிமையாக அழைத்தாலும் அதில் ஆள் ஏறுவதில்லை என்பதைக் கண்ணாடி வழியே வருஷக்கணக்கில் பார்த்து வைத்திருக்கிறாள். அங்கே இருந்த ஒரே விடுதிக்கு மகள் போன் செய்தாள். எடுத்தவர், "இங்கேயா? எதுக்கு வர்றீங்க?" என்றார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

மகள் வாய் சும்மா இராமல் அதைத் தன் மாமனிடம் சொல்லிவைத்தாள். வந்தது வினை.

மாமன் என்றால் என் மனைவியின் அண்ணன். குடும்பத்தில் அவருக்கு 'உலகம்' என்று பெயர். ஒரே ஒரு முறை குழுவோடு விமானம் ஏறி, நாலைந்து நாடுகளை வேன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்தவர். அன்றிலிருந்து யாராவது பக்கத்து ஊருக்குப் போவதென்றாலும் அவரிடம் யோசனை கேட்டாக வேண்டும். தொழில், டைல்ஸ் வியாபாரம். தரையைத் தவிர மற்ற எல்லாவற்றைப் பற்றியும் பேசுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவரும் அண்ணியும் வந்தார்கள். வந்ததும் எங்கள் வீட்டு டிவியில் தன் மடிக்கணினியைச் செருகினார். கூடத்து நாற்காலிகளை வரிசையாகப் போடச் சொன்னார். நான் வாங்கிய டிவி, நான் வாங்கிய நாற்காலி, எனக்குக் கிடைத்ததோ பின்வரிசை.

"தங்கச்சி, பீச்சைத் தேர்ந்தெடுக்கறது ஒரு கலை" என்று ஆரம்பித்தார். "மணலோட நிறம், அலையோட உயரம், தென்னையோட சாய்வு, எல்லாம் பார்க்கணும். பஸ் போகுதுங்கறதுக்காகப் போயிடக்கூடாது."

மனைவி பலகையில் எழுதினாள்: 'அங்கே யாரும் இல்லை.'

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. உலகத்துக்கு வெள்ளெழுத்து என்பது எனக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரியும், அவர் கையை நீட்டிப் பிடித்துப் படிக்கும் செய்தித்தாளுக்கும் தெரியும். ஆனால் கண்ணாடி போட்டால் வயசு தெரிந்துவிடுமாம். அதனால் பலகையை வாங்கி, தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்து, மலர்ந்த முகத்தோடு, "ரொம்ப சந்தோஷம்மா!" என்று திருப்பிக் கொடுத்தார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பெரிய எழுத்தில் எழுதினாள்: 'வேண்டாம்.'

"அதேதான் நானும் நினைச்சேன்" என்றார் உலகம்.

டிவியில் ஒரு ரிசார்ட் வந்தது. நீலக் கடல், வெள்ளை மணல், சாய்வு நாற்காலிகள். நாற்காலிகள் ஒன்றோடொன்று தோள் உரசிக் கிடந்தன.

"உலகத்துலயே அமைதியான பீச். நான் சொல்லல, எட்டாயிரம் பேர் வந்து தங்கிட்டுப் போய் எழுதியிருக்கான். அஞ்சு நட்சத்திரம்!"

எட்டாயிரம் பேர் வந்துபோன இடத்தில் அமைதி எங்கே படுத்துக்கொள்ளும் மச்சான் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

"மாமா, இதுல டிஜே நைட்டுன்னு போட்டிருக்கே?" என்றாள் மகள்.

"அது சனிக்கிழமை மட்டும். மத்த நாள் மௌனப் பயிற்சி. ஒருத்தர் மைக்ல சொல்லிக்கிட்டே இருப்பார், 'மௌனமா இருங்க, மௌனமா இருங்க'ன்னு. கடல் வரைக்கும் கேக்கும், அவ்வளவு நல்ல ஸ்பீக்கர்."

அண்ணி சேர்ந்துகொண்டார். "நாங்களும் கூட வர்றோம். இவருக்கு வாக்கிங் சிநேகிதங்க நாலு குடும்பம் இருக்கு. பாவம், அவங்களும் அமைதிக்கு ஏங்கறாங்க. வேனே எடுத்துட்டா பாட்டுப் பாடிக்கிட்டே போயிடலாம். இவளுக்கும் பொழுது போகும், வாயைக் கட்டிப் போட்டா பைத்தியம் பிடிச்சிடாதா?"

இந்த இடத்தில் எனக்கு ரத்தம் கொதித்தது. பத்து நாள் வாயைக் கட்டச் சொன்ன மருத்துவரிடம் போய், அந்தக் கட்டை அவிழ்க்க நாலு குடும்பத்தையும் ஒரு மைக்கையும் கொண்டு வந்திருக்கிறோம் என்று சொல்ல வேண்டுமா? இவர் டைல்ஸ் கடைக்குள் புகுந்து, எட்டாயிரம் பேருக்குப் பிடித்த டைல்ஸ் இதுதான் என்று நான் ஒரு பெட்டியை இவர் தலையில் கட்டினால் சும்மா இருப்பாரா? இத்தனையும் தொண்டை வரை வந்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினேன்.

"அப்ப முடிவு பண்ணிடலாமா தங்கச்சி?" என்று அவளைப் பார்த்தார் உலகம்.

அவள் தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். அவர் அதற்குள் கணினிப் பக்கம் திரும்பியிருந்தார்.

"ஒண்ணும் சொல்லல பார்த்தீங்களா? மௌனம் சம்மதம்! பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

எந்தப் பெரியவர் சொன்னார்? தொண்டையில் முடிச்சு விழுந்த தங்கை அவருக்கு இருந்தாளா?

உலகத்தின் விரல் முன்பதிவுப் பொத்தான் மேல் போய் நின்றது. மனைவி எழுந்தாள். முகம் சிவந்துவிட்டது. கை கழுத்தைப் பிடித்திருந்தது. உதடுகள் பிரிந்தன. ஒரு 'அண்ணா' வெளியே வந்தால் போதும், கத்தியும் காணாமல்போன பொருள்களும் கூடவே வந்துவிடும்.

"நீ வாயைத் திறக்காதே!" என்று நான் கத்தினேன்.



"கேட்டீங்களா?" என்றார் அண்ணி தன் கணவரிடம். "உடம்பு சரியில்லாதவளை நம்ம முன்னாடியே எப்படி அதட்டறார் பாருங்க."

"மாப்பிள்ளை, இதெல்லாம் நல்லா இல்லை" என்றார் உலகம்.

மனைவி என்னைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு கைபேசியை எடுத்தாள். அவள் விடுப்பு எடுக்கும் நாட்களுக்கென்று போன வருஷம் மேலாளர் பதிவு செய்து வாங்கிய அறிவிப்புகள் அதில் இருந்தன. எதையோ தேடி, ஒலியைக் கூட்டி, மேஜைமேல் வைத்தாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

எங்கள் எல்லோருக்கும் தூக்கிவாரிப்போட்டது. முடிச்சு விழாத பழைய குரல், பாகு மாதிரி.

"புறப்படத் தயாராக இருந்த சிறப்பு வண்டி ரத்து செய்யப்பட்டுள்ளது. பயணிகள் நடைமேடையை விட்டு விலகி நிற்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

உலகத்தின் விரல் பொத்தானிலிருந்து விலகியது. குரலுக்குக் கட்டுப்பட்டே பழகிய ஊர்க்காரர்தானே அவரும். "இல்லம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா…" என்று இழுத்தார். அவள் மறுபடி தட்டினாள். வண்டி மறுபடியும் ரத்தானது. அவர் ஒவ்வொரு முறை வாயைத் திறந்தபோதும் ரத்தானது.

கடைசியில் அவர் மடிக்கணினியைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தார். "நல்லதுக்குக் காலமில்லை. வாடி போகலாம்."

வாசல்வரை போனவர்களுக்கு இன்னொரு பதிவையும் அவள் போட்டாள். சிரமத்திற்கு வருந்துவதாக.

மறுநாள் ஏழாம் நடைமேடையில் ஏறினோம். எங்களைத் தவிர ஒரு மூட்டை வெங்காயம்தான் பயணி. கடைசி நிறுத்தத்தில் உலகம் சொன்ன எதுவும் இல்லை. மணல் பழுப்பு நிறம். தென்னைகள் அதனதன் இஷ்டப்படி சாய்ந்திருந்தன. விடுதிக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். அவள் நாள் முழுக்க அலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் அண்ணனைப் பற்றி அன்றைக்குச் சொல்ல நினைத்ததையெல்லாம் ஒன்று விடாமல் அவளுக்குச் சொல்லி முடித்தேன். எட்டாயிரம் பேர், டைல்ஸ் பெட்டி, மைக், எல்லாம். அவள் மறுபேச்சே பேசவில்லை. ரசிக்கிறாள் என்று நினைத்தேன்.

கெடு முடிந்த காலையில் தண்ணீரில் கால் நனைத்து நின்றபடி மெல்லக் கனைத்தாள்.

"ஏங்க."

பிசிறு இல்லை, கரகரப்பு இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அன்னைக்குப் பூரா கூடத்துல உட்கார்ந்திருந்தீங்களே. எனக்குத்தான் தொண்டையில முடிச்சு. உங்களுக்கு என்ன?"

நான் வாயைத் திறந்தேன்.

"நீங்க பேசினதே ஒரு வார்த்தை" என்றாள், நிலையம் முழுக்கக் கேட்கும் அந்தக் குரலில். "அதுவும் என்னைப் பார்த்து."