ரேடியோவுக்கும் நோன்பு

“அக்கா, ஒங்க ரேடியோவும் நோன்பா?”

கண்டிக்குப் பக்கத்தில், கெலிஓயாவில் ஒரு வேலிக்கு வெளியே நின்றுகொண்டு வீரம்மா இப்படிக் கேட்டபோது அவள் சின்னப் பிள்ளை. மேலே தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்தவள். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அந்த வேலியோரம் நின்று சினிமாப் பாட்டுக் கேட்பாள். அதைக் கவனித்த பாயிஸா, அப்போதுதான் கலியாணமாகியிருந்தவள், ரேடியோவைத் தூக்கி வேலிப் பக்கத்து ஜன்னலில் வைத்தாள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. ரமழான் பிறந்ததும் ரேடியோ அலுமாரிக்குள் போய்விட்டது. அதனால்தான் அந்தக் கேள்வி.

பாயிஸா சிரித்துவிட்டாள். “ஓ, அதுக்கும் நோன்புதான். பெருநாளைக்குத் தொறக்கும். அது வரைக்கும் இதக் குடி, தொண்டைக்கு நல்லம்.”

வேலிக்கு மேலாக ஒரு கோப்பை நோன்புக் கஞ்சி வந்தது. அந்த மாதம் முழுக்க வந்தது. பெருநாள் காலையில் ரேடியோ மறுபடி ஜன்னலுக்கு வந்தது.

பிறகு வீரம்மாவின் குடும்பம், தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்ப இரு அரசுகளும் செய்த ஒப்பந்தத்தில், இந்தியாவுக்குக் கப்பலேறியது. சென்னையில் அவள் கோரஸில் நின்றாள். பெரிய பாடகிகள் வந்து பாடும்வரை அவர்களுக்காக ட்ராக் பாடினாள். அவர்கள் பாடியதும் அவள் குரலை அழித்துவிடுவார்கள். ஒரு நாள் ஒரு பாட்டில் மட்டும் அழிக்க மனம் வராமல் விட்டுவிட்டார்கள். அந்தப் பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது.

“பேர மாத்திக்கம்மா. வீரம்மான்னா சண்டைக்கு வர்ற மாதிரி இருக்கு,” என்றார் ஓர் இசையமைப்பாளர்.

“பாடுறப்ப பேரு கேக்காதுங்களே,” என்றாள். பெயர் அப்படியே நின்றது. ஒரு கதாநாயகிக்கும், பின்னாளில் அந்தக் கதாநாயகியின் மகளுக்கும் வீரம்மாவே குரல் கொடுத்தார். விருதுகள் வந்தன. கடைசியாகத் தொண்டையில் ஓர் அறுவை சிகிச்சையும் வந்தது. அதன் பிறகு அவர் மேடையேறவில்லை.

இந்த வருடம் நோன்பின் கடைசி வாரத்தில் கண்டியில் அவருடைய கச்சேரி, அறுவைக்குப் பிறகு முதலாவது. ஏற்பாடு செய்த திலீபன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “அம்மா, பழைய ரெக்கோடிங்கையே போட்டுருவோம். நீங்க வாய மட்டும் அசைங்க. தொண்டைக்கு ஏதாவது ஆச்சுன்னா நாங்க தாங்க மாட்டோம்.”

வாழ்நாளெல்லாம் அவர் பாட, மற்றவர்கள் வாயசைத்தார்கள். இப்போது அவரையே வாயசைக்கச் சொல்கிறார்கள். குரல் இருக்கிறதா, இல்லையா? அவருக்கே தெரியவில்லை.

கச்சேரிக்கு முதல் நாள் மாலை கெலிஓயாவுக்குப் போனார். பாயிஸா அதே ஜன்னலருகே கட்டிலில் படுத்திருந்தார். எழுந்து நடக்க முடியாது. வந்தவரின் பெயரைப் பேத்தி ஷஹ்மா சொன்னதும் கையை நீட்டினார்.

“வீரம்மாவா? வா புள்ள. கஞ்சி ஈக்கி, குடிச்சிட்டுத்தான் போகோணும்.”

கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டே வீரம்மா விஷயத்தைச் சொன்னார்.

“வெறும் வாய அசைக்கவா நான் கஞ்சி ஊத்தின?” என்றார் பாயிஸா. ஷஹ்மா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நாளைக்கு வண்டி அனுப்புறேங்க்கா. வந்து கேளுங்க.”

“நோன்புல நான் பாட்டுக் கேக்கிறல்ல. பெருநாளைக்குக் கேப்பன்.”

“அன்னிக்கு நான் சென்னைல இருப்பேனே.”

“அப்ப ரேடியோல கேக்கிறன். நீ போய்ப் பாடு.”

மறுநாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. தோட்டங்களிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் சுவரோரமெல்லாம் நின்றார்கள். வீரம்மா ரெக்கோடிங்கை நிறுத்தச் சொல்லிவிட்டு, சுருதியை ஒரு கட்டை இறக்கச் சொன்னார். அழிக்காமல் விட்ட அந்த முதல் பாட்டையே எடுத்தார். சரணத்தில் குரல் உடைந்தது. அவர் நிறுத்தினார், வணங்கினார், அதே அடியை மறுபடி எடுத்தார். இம்முறை குரல் ஏறியது. பழைய குரலில் இல்லாத ஒரு கனத்தோடு ஏறி, அங்கேயே நின்றது. மண்டபமே எழுந்து நின்றது.

திலீபன் கண்ணைத் துடைத்தான். “என் ரெக்கோடிங்க இனி யாரும்மா கேப்பா? சரி, காலைல எயார்போட்.”

“டிக்கெட்ட மாத்திருங்க தம்பி. பெருநாள் முடிஞ்சு போறேன்.”

பிறை தெரிந்த மறுநாள் காலை கெலிஓயா வீட்டில் பாயிஸாவைத் தவிர எல்லாரும் பெருநாள் தொழுகைக்குப் போயிருந்தார்கள். தெருவில் ஆளில்லை. வீரம்மா த்ரீவீலரைச் சந்தியிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். வாசலுக்குப் போகவில்லை. வேலிக்கு வெளியே, முன்பு நின்ற இடத்தில் நின்று, ஜன்னலைப் பார்த்துப் பாடினார். பல்லவியிலிருந்து கடைசி அடிவரை, ஒன்றையும் குறைக்காமல்.

உள்ளிருந்து பாயிஸாவின் குரல் மெல்லக் கேட்டது: “ரேடியோ நோன்பு தொறந்துட்டு.”

தொழுகை முடிந்து ஆட்கள் திரும்புவதற்குள் அவர் சந்திக்கு இறங்கிவிட்டார். படைத்தவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பவன். அவனையும் பாயிஸாவையும் தவிர அதை வேறு யாரும் அறியவில்லை.